நோயாளி யாரிடம் கேட்பது?

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அபூதாவூதில் அது பதிவாகியிருக்கிறது. நாயகத் தோழர்கள் சிலர் பிரயாணம் சென்றிருந்தார்கள். வழியில் அவர்களுள் ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. அந்த நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. காயத்தோடு தலைக்குக் குளிக்கத்தான் வேண்டுமா, தயம்மும் செய்துகொண்டால் போதாதா என்ற ஐயம் அவருக்கு. உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது தயம்முமுக்கு இடமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார்.

ஊர் திரும்பியதும் செய்தி பெருமானாரிடம் சொல்லப்பட்டது. அவர்கள் மிகவும் கடுமையாகப் பேசிய சில இடங்களுள் அது ஒன்று. அந்த மனிதரை இவர்களே கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாதபோது தெரிந்தவரிடம் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்ற கருத்தில் கடிந்துகொண்டார்கள்.

ஜும்ஆ பயான்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மார்க்கம் தெரியாதவர் ஆலிம்களிடம் கேட்டு நடக்கவேண்டும் என்பதற்கு ஆதாரமாகவே இதைச் சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் இதற்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருப்பது எனக்கு நெடுநாள் புலப்படவில்லை. இறந்தவர்மீது இதில் ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. அவர் கேட்டார், கேட்கவேண்டியவர்தாம். கண்டனத்துக்கு ஆளானவர்கள் பதில் சொன்னவர்கள். அவர்களோ தீயவர்களல்லர், தோழருக்குக் கேடு நினைத்தவர்களுமல்லர். அவர்கள் சொன்ன சட்டம்கூடப் பொதுவாகப் பார்த்தால் பிழையானதன்று. தண்ணீர் கிடைக்கும்போது தயம்மும் இல்லை என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரிந்த மஸ்அலா. அந்தச் சட்டம் அந்தத் தலைக்கு, அந்தக் காயத்துக்குப் பொருந்துமா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

இன்று நம் வீடுகளில் ஒருவருக்கு நோவு என்றால் முதலில் கேட்கப்படுவது கைப்பேசிதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, உம்மாவுக்கு முழங்கால் வலியா, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏதோ ஓர் எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களா, வைத்தியரைப் பார்க்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் கூகுளில் எழுதிப் பார்க்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லிக் கேட்கிறார்கள். யூடியூபில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறார். மனிதரோடு உரையாடுவதுபோலவே கேட்டு விடை பெறும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன.

இப்படித் தேடுவது கூடுமா கூடாதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று யார் சொல்லப் போகிறார்கள்? எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய மருந்தையும் அல்லாஹ் இறக்கியே இருக்கிறான் என்று நமக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்றை மனிதன் தேடத்தான் செய்வான். என் கேள்வி வேறு. அப்படித் தேடிக் கிடைத்த பதிலுக்கு யார் பொறுப்பு? தலையில் அடிபட்ட அந்தத் தோழர் இன்று கைப்பேசியில் கேட்டிருந்து, அதே பதில் கிடைத்து, அதே முடிவு நேர்ந்திருந்தால் பெருமானார் அவர்கள் யாரைக் கடிந்திருப்பார்கள்?

நான் ஆலிமல்லன், மருத்துவனுமல்லன். உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். இதைப்பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அப்படி ஒரு பதிலைச் சொன்னவன் நான்.

என் உம்மாவுக்கு அப்போது 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தலை நோன்பு பிடித்த நாளிலிருந்து எந்த ரமளானையும் களாவாகத் தங்கவிட்டதில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம். விடுபடும் நாட்களை ஷவ்வாலிலேயே பிடித்து முடித்துவிடுவார்கள். 2023 ரமளானுக்குப் பத்து நாள் முன்பு வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். எங்களுடைய டோக்கன் ஐம்பதுக்கு மேல். மருத்துவர் சீட்டை எழுதிக்கொண்டே, “இந்த வருஷம் நோன்பெல்லாம் வேண்டாம்மா” என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த நோயாளி அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஆட்டோவில் வரும்போது உம்மா, “இனிப்பு வேணாங்கிற மாதிரியில்ல நோன்பு வேணாங்கிறாரு” என்றார்கள். பள்ளிவாசல் ஹலரத்திடம் போய்க் கேட்டேன். “நோயாளிக்குச் சலுகை இருக்கு. டாக்டர் சொல்றதக் கேளுங்க” என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். அதுவும் உம்மாவுக்கு உவப்பாயில்லை.

இரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்கள். “நீ அந்தப் போன்ல பார்த்துச் சொல்லு வாப்பா” என்றார்கள்.

பார்த்தேன். முதலில் கிடைத்தது நல்ல பக்கமாகவே கிடைத்தது. பன்னாட்டுச் சர்க்கரை நோய்க் கூட்டமைப்பும், சர்க்கரை நோயும் ரமளானும் பற்றியே ஆராயும் ஒரு பன்னாட்டுக் கூட்டணியும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பற்றிய விளக்கம் அது. நோய் வந்து எத்தனை ஆண்டு, என்ன மருந்து, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தது உண்டா, சிறுநீரகம் எப்படி, வயது முதிர்ந்த தளர்ச்சி உண்டா, சென்ற ரமளானில் என்ன நேர்ந்தது என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நோயாளியை மூன்று நிலைகளில் ஏதேனும் ஒன்றில் வைக்கச் சொல்லுகிறது. ஆபத்து மிகுந்த நிலையிலிருப்பவர் நோன்பு வைக்கலாகாது என்கிறது. வைப்பவர்கள் பகலில் விரலில் குத்திச் சோதித்துக்கொள்ள வேண்டும், அதனால் நோன்பு முறியாது, அளவு 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் உடனே நோன்பைத் திறந்துவிடவேண்டும் என்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு மதிப்பெண் கூட்டத் தெரியாதா? பாதி கூட்டும்போதே எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிட்டது. உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை மூடினேன். நோன்பினால் சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதித் தேடினேன். அப்படி எழுதினால் அப்படித்தான் வரும். நோன்பு கணையத்துக்கு ஓய்வு கொடுக்கிறது, உடம்பிலுள்ள கழிவுகளைத் தின்றுவிடுகிறது, இதைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்று ஒரு பக்கம். அதை உரக்கப் படித்தேன். முதற்பக்கத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒன்பதாவது நோன்பன்று அஸருக்குப் பிறகு உம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நோன்பைத் திறந்துவிடுங்கள் மாமி என்று என் மனைவி கெஞ்சியிருக்கிறாள். இன்னும் இரண்டு மணி நேரந்தானே என்று சொல்லிவிட்டு ஒளுச் செய்ய எழுந்து போனவர்கள் குளியலறையில் விழுந்துவிட்டார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 41. ஊசிவழியாகக் குளுக்கோஸ் ஏற்றி நினைவு திரும்பியது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, அறுவை செய்தார்கள். அன்றிலிருந்து உம்மா நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்கள். நெற்றியைத் தரையில் வைக்க முடிவதில்லை.

யார் நோன்பு வைக்கச் சொன்னது என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார். நான் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். “யாரும் சொல்லல. நானாத்தான் வச்சேன்” என்றார்கள் உம்மா.

அந்த மாத்திரையைப் பற்றிப் பின்னால்தான் விசாரித்தேன். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்குமாம். நான் படித்த பக்கத்தில் மாத்திரையைப் பற்றி ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்தப் பக்கம் என் உம்மாவைப் பற்றியதன்று.

நோபல் பரிசுச் செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரமளான் வந்தால் அது நம் வாட்ஸ்அப் குழுக்களில் பிறையோடு சேர்ந்தே உதிக்கிறது. 2016இல் யோஷினோரி ஓசுமி என்னும் ஜப்பானிய விஞ்ஞானிக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. உயிரணுக்கள் தம்முள் சிதைந்த பகுதிகளைத் தாமே செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் முறை எப்படி நடைபெறுகிறது என்பதை விளக்கியதற்காகக் கொடுத்தார்கள். ஆனால் அவர் 1990களின் தொடக்கத்தில் அந்தச் சோதனைகளைச் செய்தது ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில். அதைத்தான் பட்டினி போட்டார். பரிசு பெற்றுத் தந்த அந்த ஆய்வில் நோன்பாளி எவரும் இல்லை. சர்க்கரை நோயாளியும் இல்லை. உண்மையான ஒரு செய்தியின் வாலில் நமக்கு வேண்டிய ஒன்றை நாமே முடிந்துவிட்டோம். மார்க்கத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணித்தான் செய்கிறோம். நோன்பை அல்லாஹ் கடமையாக்கியது இறையச்சம் உண்டாவதற்காக என்று திருக்குர்ஆன் தெளிவாகச் சொல்லியிருக்க, அதற்கு ஈஸ்டின் சாட்சியம் எதற்கு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சலுகைகளைத் தேடித் திரிவதைப் பற்றி நம் உலமாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஓர் இமாமிடம் ஒன்றும் இன்னோர் இமாமிடம் இன்னொன்றுமாக, தனக்கு எளிதானதை மட்டும் பொறுக்கிக்கொள்பவனை அவர்கள் நல்லவனாகக் கருதவில்லை. அவன் மார்க்கத்தைக் கேட்கவில்லை. தன் மனத்தையே கேட்டு, அதற்கு ஆலிம்களின் முத்திரையைத் தேடுகிறான். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறாகத் தெரியும். உம்மா தேடியது எளிதையன்று; கடினமானதை. நோன்பை விடுவதற்கல்ல, வைப்பதற்கு வழி தேடினார்கள். ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று நினைக்கிறேன். வணக்கத்தின்மீதும் நஃப்ஸு ஆசை வைக்கும். ஊரார் எல்லாம் நோன்புக் கஞ்சி குடிக்கும்போது, நானும் அவர்களோடு நோன்பாளியாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எனினும் அல்லாஹு தஆலா நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில் நோயாளியையும் பிரயாணியையும் நினைவுகூர்கிறான். உங்களுக்கு எளிதையே நாடுகிறேன், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்தை அங்கேயே சொல்லியும் வைத்திருக்கிறான். கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் அடிமையின் வேலைதான். உம்மாவுக்கு அதை எடுத்துச் சொல்லவேண்டியவன் நான். நான் பக்கத்தை மாற்றினேன்.

கைப்பேசி ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சரியான பக்கத்தைத்தான் அது முதலில் காட்டியது. அதன் இயல்பு இப்படி: நாம் எழுதும் சொற்களுக்குப் பொருத்தமானதைத் தேடித் தரும். கேட்பவர் யார், அவருடைய சிறுநீரகம் எப்படி, நேற்று என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் நாம் சொன்னாலொழிய அதற்குத் தெரியாது. தேர்ந்த வைத்தியர் முதலில் கேள்வி கேட்பார். நாம் சொல்ல மறந்ததையும், சொல்ல விரும்பாததையும் கேட்பார். நாம் கேட்டது ஒன்றாயிருக்க, நமக்கு வேண்டியது வேறொன்று என்பார். கைப்பேசியிடம் நாம் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறோமோ அந்தப் பக்கமே விடையும் பெரும்பாலும் சாய்கிறது. உரையாடும் புதிய கருவிகளிடமும் இந்தச் சாய்வைக் கண்டிருக்கிறேன். மெய்யான தகவலை அவை கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மெய்யான தகவல் என்பதும் நமக்குரிய பதில் என்பதும் ஒன்றல்ல.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் மார்பில் சிறு கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் ஓராண்டுக்கும் மேலாகக் கைப்பேசியில் படித்துக்கொண்டே இருந்தார். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்று அவர் படித்தது முற்றிலும் உண்மை. அவருடைய கட்டி அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றாக இருக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்வைக் கொடுப்பானாக.

இதைச் சொன்ன வாயோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்மணி ஏன் கைப்பேசியிடம் போனார்? ஆண் மருத்துவரிடம் காட்ட நாணம். கணவர் வெளிநாட்டில். மாமியாரிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்ற அச்சம். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாக இல்லாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மாதவிலக்கைப் பற்றியும் குளிப்பைப் பற்றியும் அவர்கள் பெருமானாரிடமே வந்து கேட்டார்கள். கேட்டதற்காக யாரும் அவர்களை ஏசவில்லை. நம் வீட்டுப் பெண்கள் நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தங்கள் நோயைத் தேடுகிறார்கள் என்றால், பகலில் கேட்க நாம் இடம் வைக்கவில்லை என்பது அதன் பொருள். தனக்கு வந்திருப்பது என்னவென்று பெயர் தெரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் போகத் துணிவு பெறவும் கைப்பேசி உதவுமானால் அது ரஹ்மத்தே. பலருக்கு உதவியும் இருக்கிறது. அதோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து.

மருத்துவர்களையும் விடுவதற்கில்லை. 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். பங்களாதேஷில் 48 விநாடி. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். 48 விநாடியில் ஒருவர் தன் நோயைச் சொல்வாரா, நோன்பின் கவலையைச் சொல்வாரா? வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு நோன்பை விட்டுவிடுகிற சமுதாயமுமல்ல இது. 2001ஆம் ஆண்டு ரமளானைக் குறித்து 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுடையவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அவர்களிடையே அந்த மாதத்தில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. இவர்கள் வைக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, யார் வைக்கலாம், மருந்தை எந்த வேளைக்கு மாற்றலாம், யார் அறவே வைக்கக்கூடாது, ஏன் கூடாது என்று காரணம் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் பாதிப்பேர் கைப்பேசியைத் தேடமாட்டார்கள். காரணம் சொல்லாத பதிலுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழுகிறது. அங்கேதான் யார் யாரோ வந்து அமர்ந்துகொள்கிறார்கள்.

ஹதீதுக் கலையை உலகுக்குத் தந்த சமுதாயம் இந்த யார் யாரோவை நம்புவதுதான் எனக்கு வியப்பு. ஒரு செய்தி வந்தால் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவருக்கு நினைவாற்றல் எப்படி, பொய் பேசுபவரா என்று சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்தவர்கள் நம் முன்னோர்கள். ஒரு சனதில் ஒரு ராவியின் பெயர் தெரியாவிட்டால்கூட ஹதீது பலவீனமாகிவிடும். நமக்கோ “எனக்கு வந்தது, பகிர்கிறேன்” என்ற ஒரே வரி போதுமாயிருக்கிறது. ராவியே இல்லாத செய்தி! கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்தில் ஒரு ஹதீதை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது நூலின் முன்னுரையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது என்ன நடந்தது என்பது ஆசிரியனான எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியைக் கேட்டுப் பெற்றோர்கள் பள்ளிக்கே வந்து என் பிள்ளைக்குப் போடாதீர்கள் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் போனில் வந்தது என்பார்கள். அரசாங்கம் முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அச்சம் தரும் செய்தியோ ஆறுதல் தரும் செய்தியோ வந்தவுடன் பரப்பிவிடுகிறவர்களைக் குறித்தும், அதை ஆராய்ந்து உண்மை காணத் தக்கவர்களிடம் கொண்டுபோயிருக்கலாமே என்றும் அன்னிஸா அத்தியாயத்தில் வருவதை அப்போதுதான் நான் கவனித்துப் படித்தேன். ஆறுதல் தரும் செய்தியையும் அங்கே சேர்த்திருப்பதைப் பாருங்கள். நான் உம்மாவுக்குப் படித்துக் காட்டியது அந்த வகை.

பொறுப்பு என்று தொடங்கினேன். வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அதற்கு அவரே ஈடு செய்யவேண்டும் என்று பெருமானார் அவர்கள் விதித்திருக்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் இதைப்பற்றி விரிவான பேச்சு உண்டு. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துவிட்டார். கலீஃபா முக்ததிர், தலைமை வைத்தியரான ஸினான் இப்னு ஸாபித் என்பவரிடம் தேர்வு கொடுத்துத் தேறாதவர் எவரும் நகரத்தில் வைத்தியம் பார்க்கக்கூடாது என்று உத்தரவிட்டார். 860க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு முதியவர் தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இதுதான் பிழைப்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டாராம். தெரியாத நோயில் கைவைக்காதே, எளியதோடு நிறுத்திக்கொள் என்று சொல்லி ஸினான் அவரை அனுப்பிவைத்தாராம். தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தக் கிழவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இணையத்தில் இந்த ஈட்டை யாரிடம் வாங்குவது? எழுதியவர் பெயர் பல இடங்களில் இல்லை. இருந்தாலும், இது மருத்துவ ஆலோசனையல்ல என்று அடியில் பொடி எழுத்தில் போட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். அனுப்பியவருக்கு வேறொருவர் அனுப்பினார், அவருக்கு இன்னொருவர். சங்கிலியில் பின்னோக்கிப் போகப் போக ஆளே இல்லை. முன்னோக்கி வந்தால் கடைசிக் கண்ணியில் ஒருவர் கட்டாயம் இருக்கிறார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டியவர். நம் வீடுகளில் பெரியவர்களுக்காகத் தேடித் தருவது பெரும்பாலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள்தாம். நாம் தகவல் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். அவர்களோ நம்மிடம் கேட்கிறார்கள். அந்தப் பிரயாணத்தில் உடன் வந்தவர்களிடம் கேட்டாரே, அதைப்போல.

பெருமானார் (ஸல்) அவர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது பார்க்கச் சென்றார்கள். நெஞ்சில் கையை வைத்தார்கள். அதன் குளிர்ச்சி இதயம்வரை தெரிந்தது என்று ஸஅது (ரலி) சொல்லியிருக்கிறார்கள். பேரீச்சம்பழத்தைக்கொண்டு ஒரு மருந்தையும் சொன்னார்கள். அதோடு விடவில்லை. ஸகீஃப் கூட்டத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுங்கள், அவர் வைத்தியம் தெரிந்தவர் என்று அனுப்பிவைத்தார்கள். வஹீ வரும் நெஞ்சுடையவர்கள் ஒரு வைத்தியரைப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். அந்த வைத்தியர் இஸ்லாத்தைத் தழுவியவரா இல்லையா என்பதில்கூட வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

2024 ரமளானுக்கு முன்பு, ஷஅபானிலேயே உம்மாவை மறுபடி அழைத்துச் சென்றேன். அதே மருத்துவர்தான். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லி, வேண்டுமென்றே கடைசி டோக்கன் வாங்கிக்கொண்டேன். அந்த 2021 வழிகாட்டியைக் கைப்பேசியில் மறுபடி படித்து, அதிலிருந்து எழுதிய கேள்விகளை ஒரு தாளில் வைத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்குமேல் கூப்பிட்டார். தாளைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரையை மாற்றித் தந்தால் வைக்கலாமா என்று உம்மா கேட்டார்கள். சிறுநீரகச் சீட்டை எடுத்துக் காட்டி, அந்த எண் ஏறியிருப்பதையும், அதனால் சில மருந்துகள் உடம்பில் நெடுநேரம் தங்குவதையும் விளக்கினார். இந்த ஆண்டும் வேண்டாம், இனி வேறு ஆண்டுகளிலும் முடியாது என்றே நினைக்கிறேன் என்றார். உம்மா அதை அவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

ஆட்டோவில் ஏறியபின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்கள்: “ஃபித்யா ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு நாளைக்கு ஹலரத்துகிட்டக் கேட்டுட்டு வா வாப்பா. போன்ல பார்க்காதே.”